சென்னையும் யோகோஹாமாவும்

திருநள்ளாற்றில் சனிக்கிழமைதோறும் வந்து நிற்கும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருப்பது எங்கள் காரைக்கால் பகுதியினர்க்குப் பழகிப்போன ஒரு பொழுதுபோக்கு. நளதீர்த்தத்தில் நீராடிச் சனீசுவரரை வழிபட எந்தெந்த ஊர்களிலிருந்து மக்கள் வந்துள்ளனர் என்பதை வண்டியின் எண்பலகை சொல்லிவிடும். எந்தெந்த நாட்டுத் தொழிற்சாலைகள் நம் நாட்டில் வேரூன்றியுள்ளன என்பதை வண்டியின் முகமே சொல்லிவிடும். 1970-ஆம் ஆண்டையொட்டி அங்கே நின்ற கார்கள் பெரும்பாலும் மூன்றே இனத்தவை. அம்பாசடர் ஒன்று, பியட் ஒன்று, ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்று. இன்று அங்கே நிற்பவற்றில் பாதிக்கு மேல் ஜப்பானியப் பெயரோ கொரியப் பெயரோ தாங்கி நிற்கின்றன. டாட்டா, மகிந்திரா என்னும் நம் நாட்டுப் பெயர்களும் இப்போது பெருகிவருகின்றன. பழைய மூன்று பெயர்களையும் காண வேண்டுமானால் பழம்பொருள் விரும்பிகளின் வீட்டுக் கொட்டகைக்குத்தான் போக வேண்டும்.

இம்மாற்றத்தைப் பற்றிப் பேசும்போது, "ஜப்பானியனுக்குக் கார் செய்யத் தெரிந்தது, நமக்குத் தெரியவில்லை" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவோர் பலர். மாணவர்களிடமும் ஆசிரியர் அறைகளிலும் இவ்வபிப்பிராயத்தை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். இது சரித்திரத்தின் முன் நிற்கக்கூடிய கூற்று அன்று. ஏனெனில், 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னையிலும் ஜப்பானின் யோகோஹாமாவிலும் ஒரே ஆங்கிலேயக் காரையே இரு சாராரும் பூட்டக் கற்றுக்கொண்டிருந்தார்கள். அந்தக் காரின் பெயர் ஆஸ்டின் ஏ-40. முன்னே தொடங்கியவர்கள் சென்னைக்காரர்கள்! அதற்குப் பிறகு என்ன நேர்ந்தது என்பதே நாம் ஆராய வேண்டிய பொருள்.

மோட்டார் விஷயத்தில் சென்னை பின்தங்கிய ஊராக இருந்ததில்லை. 1840-இல் தோன்றிய சிம்ப்ஸன் கம்பெனி குதிரை வண்டிகள் செய்து பேர்பெற்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அக்கம்பெனியைச் சேர்ந்த கிரீன் என்பவர் நீராவியால் ஓடும் ஒரு காரையே அங்கு செய்து ஓட்டிக் காட்டினார். எங்கள் காவிரிக்கரையைப் பொறுத்தவரை, தஞ்சைக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே 1912-இல் டி.வி. சுந்தரம் ஐயங்கார் பஸ் ஓட்டத் தொடங்கினார். இன்று உலகெங்கும் மோட்டார் உறுப்புகளை அனுப்பும் டி.வி.எஸ். நிறுவனங்களின் வேர் அந்தப் பாதையில் இருக்கிறது.

ஆனால் கார் செய்வது வேறு, காரைப் பூட்டுவது வேறு. அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1928-இல் பம்பாயில் ஒரு தொழிற்சாலையை நிறுவியது. போர்டு கம்பெனியும் அதே வழியைப் பின்பற்றியது. கப்பலில் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும் உறுப்புகளை இங்குள்ள தொழிலாளர்கள் முடுக்கிச் சேர்த்துச் சாயம் பூசி அனுப்புவார்கள். நம் நாட்டிலேயே முழுவதும் செய்ய வேண்டும் என்று திட்டம் தீட்டியவர் மைசூரின் விசுவேசுவரய்யா. 1930-களின் நடுவில் ஐரோப்பா, அமெரிக்கா சென்று பார்த்துத் திரும்பி, செலவுக் கணக்குடன் அவர் ஓர் ஏற்பாடு வகுத்தார். அதைக் கையிலெடுத்த வால்சந்த் ஹீராசந்த் பிரிட்டிஷ் இந்திய அரசாங்கத்தின் ஆதரவைப் பெற முடியாமல் அலைந்து, கடைசியில் 1944-இல் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் கம்பெனியைப் பம்பாயில் தோற்றுவித்தார். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாக, 1942-இல், பிர்லா குடும்பத்தார் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸை நிறுவியிருந்தனர். அது பின்னர் கல்கத்தாவுக்கு அருகேயுள்ள உத்தர்பாராவில் நிலைபெற்றது.

சுதந்திரத்தை அடுத்து, 1948-இல், சென்னைக்கு ஒரே ஆண்டில் இரண்டு கம்பெனிகள் வாய்த்தன. ரகுநந்தன் சரண் என்பவர் தம் மகன் பெயரால் அசோக் மோட்டார்ஸைத் தொடங்கி எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டலானார். 1949-இல் ஏ-40 கார்கள் அங்கிருந்து வெளிவந்தன. இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு கம்பெனியின் கூட்டுறவோடு ஸ்டாண்டர்டு மோட்டார் பிராடக்ட்ஸ் என்னும் மற்றொரு கம்பெனி எழுந்தது. வண்டலூரை அடுத்த பெருங்களத்தூரில் அதன் தொழிற்சாலை அமைந்தது.

அதே 1949-இல் இந்திய அரசாங்கம் முழுதும் பூட்டப்பட்ட கார்களை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்வதைத் தடுத்தது. இவ்விடத்தில் காரைக்காலைப் பற்றி ஒரு சொல். அவ்வாண்டு மார்ச்சு மாத இறுதியோடு, இந்தியாவுக்கும் பிரெஞ்சிந்தியாவுக்கும் 1941 முதல் இருந்த சுங்க உடன்பாடு முறிந்தது. எங்கள் ஊரைச் சுற்றிச் சுங்கச் சாவடிகள் முளைத்தன. டில்லி போட்ட தடை பிரெஞ்சு ஆட்சியிலிருந்த எங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் இங்கே இறங்கும் வண்டி, வாஞ்சூரையோ அம்பகரத்தூரையோ தாண்டிப் போக வேண்டுமானால் சாவடியில் கணக்குச் சொல்லியாக வேண்டும். நாற்புறமும் சில மைல்களுக்குள் எல்லை வந்துவிடும் ஒரு பிரதேசத்தில் கார் வைத்திருப்பவர் எவ்வளவு தூரம்தான் ஓட்டிவிட முடியும்? 1954 நவம்பர் முதல் நாள் ஆட்சி கைமாறியதும் அந்த விநோதம் ஒழிந்தது. இப்போது எங்கள் வண்டிகள் 'பிஒய் 02' என்னும் எழுத்தோடு எங்கும் போகின்றன. புதுச்சேரிப் பிரதேசத்தில் சாலை வரி குறைவு என்பதற்காக வெளியூர்ச் செல்வர்கள் சிலர் தங்கள் விலையுயர்ந்த கார்களை இங்கே பதிவு செய்துகொண்டதும் செய்தித்தாள்களில் வந்த கதையே.

1953-இல் சுங்கவரிக் கமிஷன், உறுப்புகளை இங்கேயே செய்வதற்குத் திட்டம் வைத்திருப்பவர்களே தொழிலை நடத்தலாம், வெறுமனே பூட்டுகிறவர்கள் விலகிக்கொள்ளலாம் என்று பரிந்துரைத்தது. ஜெனரல் மோட்டார்ஸும் போர்டும் மூட்டை கட்டின. இதை ஒரு தவறான செயல் என்று நான் கருதவில்லை. ஜப்பானியரும் இதையேதான் செய்தார்கள், இன்னும் கடுமையாக.

ஜப்பானின் கதையைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். 1923-இல் தோக்கியோவையும் யோகோஹாமாவையும் பெரும் பூகம்பம் தகர்த்தது. டிராம் பாதைகள் அழிந்த நிலையில், தலைநகரத்தார் போர்டு லாரிகளின் அடிச்சட்டங்களை நூற்றுக்கணக்கில் வரவழைத்து அவற்றின்மேல் பஸ்களைக் கட்டி ஓட்டினர். சந்தை இருக்கிறது என்று கண்டுகொண்ட போர்டு 1925-இல் யோகோஹாமாவிலும், ஜெனரல் மோட்டார்ஸ் 1927-இல் ஒசாகாவிலும் பூட்டும் தொழிற்சாலைகளைத் திறந்தன. பம்பாயில் நடந்தது போன்றே இல்லையா? ஆனால் 1936-இல் ஜப்பானிய அரசாங்கம் ஒரு சட்டம் இயற்றி, உரிமம் பெற்ற உள்நாட்டுக் கம்பெனிகளுக்கே தொழிலை ஒதுக்கிற்று. 1939-க்குள் அமெரிக்கர் உற்பத்தியை நிறுத்திவிட்டனர். போருக்காக லாரிகள் தேவைப்பட்டன என்பதே அச்சட்டத்தின் உள்நோக்கம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

அச்சட்டத்தால் பயனடைந்தவர்களுள் ஒருவர் தொயோதா கீசிரோ. இவர் தந்தை சக்கிசி தறி கண்டுபிடித்தவர். நூல் அறுந்தால் தானே நின்றுவிடும் தானியங்கித் தறி அது. அதன் உரிமையை 1929-இல் இங்கிலாந்தின் பிளாட் சகோதரர்கள் விலைகொடுத்து வாங்கினர். தறிக் கம்பெனிக்குள்ளேயே 1933-இல் மோட்டார்ப் பிரிவு ஒன்று தோன்றி, 1937-இல் தனிக் கம்பெனியாகப் பிரிந்தது. குடும்பப் பெயர் 'தொயோதா'. கம்பெனியின் பெயரை 'டொயோட்டா' என மாற்றிக்கொண்டார்கள். ஜப்பானிய எழுத்தில் இப்பெயரை எட்டுக் கோடுகளில் எழுதிவிடலாம். எட்டு அவர்களுக்கு மங்கல எண்.

போரில் தோற்ற பிறகு அவர்கள் நிலை என்ன? 1950-இல் ஜப்பான் முழுவதிலும் செய்யப்பட்ட பயணிகள் கார்கள் ஏறத்தாழ 1,600 மட்டுமே. அவ்வாண்டில் டொயோட்டா கடனில் மூழ்கியது. ஆட்குறைப்பு, வேலைநிறுத்தம், இறுதியில் கீசிரோவின் ராஜினாமா. கார் செய்வதில் ஜப்பான் காலத்தைக் கழிக்க வேண்டியதில்லை, அமெரிக்காவிடம் வாங்கிக்கொள்ளலாம் என்று அந்நாட்டு மத்திய வங்கியின் கவர்னரே கருத்துரைத்தார். கொரியப் போருக்காக அமெரிக்கப் படை கொடுத்த லாரி ஆர்டர்களே கம்பெனியைக் கரையேற்றின. நம்மவர்க்குத் தெரியவில்லை என்று கூறுவோர் இந்த 1950-ஆம் ஆண்டை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இனி ஆஸ்டினுக்கு வருவோம். 1952 டிசம்பரில் நிஸான் கம்பெனி இங்கிலாந்தின் ஆஸ்டினோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. முதலில் 2,000 கார்களுக்கான உறுப்புகளை வரவழைத்துப் பூட்டலாம். மூன்று ஆண்டுகளுக்குள் எல்லா உறுப்புகளையும் ஜப்பானிலேயே செய்ய வேண்டும். உடன்படிக்கையின் ஆயுள் ஏழாண்டு. நிஸான் கெடுவுக்குள் அனைத்தையும் செய்து முடித்தது. ஆஸ்டினிடம் கற்ற எஞ்சின் வித்தையைத் தன் டாட்சன் கார்களில் இறக்கிற்று. ஏழாண்டு கழிந்தபின் ஆசிரியரை வணங்கி விடைபெற்றது. இஸுஸு ஆங்கிலேய ஹில்மனிடமும், ஹினோ பிரெஞ்சு ரெனோவிடமும் இதே முறையில் பாடம் கேட்டன. டொயோட்டா மட்டும் எவரிடமும் அமரவில்லை.

எண்ணூரிலோ, ஆஸ்டினோடு சேர்ந்து நெடுந்தொலைவு போக முடியவில்லை. சரண் விமான விபத்தில் காலமானார். 1950-லேயே லேலண்ட் லாரிகளுக்கு உடன்படிக்கை ஆகியிருந்தது. 1955-இல் கம்பெனி அசோக் லேலண்ட் என்று பெயர் மாறிக் கனரக வண்டிகளையே தன் தொழிலாகக் கொண்டது. அது தோல்வி ஆகாது. ஐந்தாண்டுத் திட்டங்களில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் முதலிடம் இருந்தது. அத்துறையில் சென்னை வென்றது. 1972-இல் கும்பகோணத்தில் சோழன் போக்குவரத்துக் கழகம் ஏற்பட்ட பின் டெல்டாவின் மூலைமுடுக்கிலெல்லாம் ஓடிய பஸ்களின் நெற்றியில் லேலண்ட் பெயரைக் கண்டே எங்கள் தலைமுறை வளர்ந்தது.

ஆக, அதே நாட்டு மக்கள், அதே காலத்தில், லாரி செய்வதில் முன்னேறினர், காரில் தேங்கினர். காரணம் கையின் திறமையில் இருக்க முடியாது. கார் என்பது செல்வர்களின் ஆடம்பரம் என்று அன்றைய திட்டக்காரர்கள் முடிவு கட்டினார்கள். ஒரு தொழிற்சாலை ஆண்டுக்கு எத்தனை கார் செய்யலாம் என்பதை உரிமம் வரையறுத்தது. புதிய யந்திரம் வாங்க அந்நியச் செலாவணி அனுமதி வேண்டும். புதிதாக எவரும் உள்ளே வர முடியாது. கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு 1952-இல் இருவர் அமரும் சிறு கார் ஒன்றை உருவாக்கினார். உரிமம் கிடைக்கவில்லை, அத்துடன் அது நின்றுபோயிற்று. மலிவான கார் வேண்டுமா என்பதைப் பற்றி எல்.கே. ஜா தலைமையில் 1960-ஐ ஒட்டி ஒரு குழு ஆராய்ந்தது. பின்னும் குழுக்கள் ஆராய்ந்தன. 1980 வரை நாட்டின் மொத்தக் கார் உற்பத்தி ஆண்டுக்கு ஐம்பதாயிரம் என்னும் எல்லைக்குள்ளேயே கிடந்தது. ஜப்பான் அதே 1980-இல் எல்லா வகை வண்டிகளும் சேர்ந்து ஒரு கோடிக்கு மேல் செய்து அமெரிக்காவை மிஞ்சிவிட்டது.

மூன்று கம்பெனிகள், சிறு உற்பத்தி, பணம் கட்டிவிட்டுப் பல்லாண்டு காத்திருக்கும் வாடிக்கையாளர். இந்நிலையில் எந்த முதலாளி புது அச்சு வார்க்கச் செலவிடுவான்? 1957-இல் வந்த அம்பாசடர் 2014 வரை ஏறக்குறைய அதே உருவத்தில் வந்துகொண்டிருந்தது. ஜப்பானிலும் பாதுகாப்பு வேலி இருந்தது. ஆனால் வேலிக்குள் அரை டஜனுக்கு மேற்பட்ட கம்பெனிகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தன.

சென்னை ஸ்டாண்டர்டு இந்நிலைக்குச் சோகமான சான்று. வான்கார்டு, டென், 1961-இல் ஹெரால்டு என்று ஒழுங்காகவே அது முன்னேறியது. இங்கிலாந்தில் ஹெரால்டுக்கு நான்கு கதவு வைத்துச் செய்ததே இல்லை. நம் குடும்பங்களின் அளவறிந்து நான்கு கதவு வைத்தவர்கள் பெருங்களத்தூர்ப் பொறியாளர்கள். 1972-இல் வந்த கெஸல் என்னும் காரும் அவர்கள் கைவண்ணமே. பிறகு பல்லாண்டு கார் உற்பத்தி ஓய்ந்து, 1985-இல் 'ஸ்டாண்டர்டு 2000' வந்தது. இங்கிலாந்தில் ரோவர் கம்பெனி செய்து முடித்த ஒரு காரின் உடலை எடுத்து, அதற்குள் வான்கார்டு காலத்துப் பரம்பரையில் வந்த பழைய எஞ்சினை வைத்தார்கள். பட்டு வேட்டிக்குக் கோணிப்பை உத்தரீயம்! விலையோ மிகுதி; பெட்ரோலையும் வாரிக் குடித்தது. 1983 டிசம்பரிலேயே கூர்காவனிலிருந்து சுஸுகியின் துணையோடு மாருதி 800 வெளிவந்துவிட்ட நாட்டில் இதை யார் வாங்குவர்? 1988-இல் தொழிற்சாலை மூடப்பட்டது. அது இருந்த இடத்தில் இன்று கணிப்பொறி அலுவலகங்கள் நிற்கின்றன.

ஆயினும் அந்நாற்பது ஆண்டுகளில் விளைந்தது ஒன்றுண்டு. உறுப்புகளை இங்கேயே செய்க என்ற கட்டளையால் சென்னையைச் சுற்றி உறுப்புத் தொழில் தழைத்தது. 1949-இல் இந்தியா பிஸ்டன்ஸ், 1960-களின் தொடக்கத்தில் சக்கரத்திற்கு வீல்ஸ் இந்தியா, மின்கருவிக்கு லூகாஸ்-டி.வி.எஸ்., தடைக்கருவிக்குப் பிரேக்ஸ் இந்தியா, 1966-இல் திருகாணிக்குச் சுந்தரம் பாஸனர்ஸ். 1946-இல் திருவொற்றியூரில் விளையாட்டுப் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எப். டயர் செய்யும் பெருநிறுவனமாயிற்று. சுந்தரம் பாஸனர்ஸ் 1990-களில் அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸுக்கே ரேடியேட்டர் மூடி அனுப்பியது. காரைப் பார்ப்போர் மூடியைப் பார்ப்பதில்லை; அதனால் இப்பகுதி வரலாற்றில் உரிய இடம் பெறவில்லை.

இந்த உறுப்புத் தொழிலைத் தேடித்தான் கொரியர் வந்தனர். அவர்கள் கதையில் சென்னைக்கு ஒரு தூரத்து உறவு உண்டு. 1967-இல் சுங் ஜூ-யுங் நிறுவிய ஹூண்டாய் மோட்டார், முதலில் போர்டு கார்ட்டினாவைப் பூட்டியது. சொந்தக் கார் வேண்டும் என்று எண்ணியதும் 1974-இல் ஜார்ஜ் டர்ன்புல் என்னும் ஆங்கிலேயரைச் சம்பளத்துக்கு அமர்த்தியது. அவர் கவென்ட்ரி ஸ்டாண்டர்டு கம்பெனியில் சிறுவயதில் தொழில் பழகுநராய்ச் சேர்ந்து உயர்ந்தவர். நம் பெருங்களத்தூருக்கு ஆசான் வீடு எதுவோ அதே வீட்டு மனிதர்! இத்தாலியர் உருவம் வரைய, ஜப்பானிய மிட்சுபிஷி எஞ்சின் வித்தை தர, போனி என்னும் கார் பிறந்தது. 1976-லேயே சில கார்களைத் தென்னமெரிக்க எக்குவடாருக்கு அனுப்பினர். உள்நாட்டில் பாதுகாப்புத் தந்த கொரிய அரசாங்கம், வெளிநாட்டில் விற்றுக் காட்டு என்று கேட்டது. டில்லி அதைக் கேட்கவில்லை. 1996-இல் ஹூண்டாய் ஸ்ரீபெரும்புதூரில் கால் வைத்தது. 1998-இல் சான்ட்ரோ வந்தது.

பிற நாடுகளையும் ஒருவாறு தொட்டுச் செல்கிறேன். மலேசியா 1983-இல் புரோட்டானைத் தொடங்கியது. மிட்சுபிஷியின் காரே பெயர் மாறி 1985-இல் சாகா ஆயிற்று. சிறிய உள்நாட்டுச் சந்தை அதற்குப் போதவில்லை. 2017-இல் பாதியளவு பங்கு சீனரிடம் சென்றது. எங்கள் ஊர்க் குடும்பங்கள் பலவற்றுக்குச் சொந்த ஊர் போன்று இருந்த சைகோனில், சிட்ரோயன் கம்பெனி 1970 முதல் 1975 வரை 'லா டலாத்' என்றொரு எளிய காரைச் செய்தது. பெரிய அழுத்து யந்திரம் இல்லாமலே தகட்டை வளைத்துச் செய்யும்படி அமைந்த உடல் அது. ஆட்சி மாறியதும் நின்றது. சீனாவின் கதை தனிப் பேச்சுக்கு உரியது. 1956-இல் சோவியத் துணையோடு சாங்சுன் நகரில் முதல் லாரியைச் செய்த நாடு, 2009-இல் உற்பத்தியில் உலக முதலிடம் பெற்று, 2023-இல் ஏற்றுமதியில் ஜப்பானையும் கடந்தது.

2010-இல் ஒரகடத்தில் ரெனோவும் நிஸானும் கூட்டாக ஒரு தொழிற்சாலையைத் திறந்தன. ஆஸ்டின் வகுப்பில் எண்ணூருக்குப் பிறகு சேர்ந்த அதே நிஸான்! ஒரு காலத்துச் சகமாணவனிடம் நம் பிள்ளைகள் வேலைக்குச் சேர்ந்தார்கள். என் பள்ளியில் படித்துத் தொழிற்பயிற்சி நிலையம் சென்ற இளைஞர் பலர் இன்று அந்த வட்டாரத்துத் தொழிற்சாலைகளில் உள்ளனர். கை தேர்ந்தவர்கள், ஆனால் அனைவரும் நிரந்தர ஊழியர் அல்லர். ஒரு தொழிற்சாலையில் ஐந்தாண்டு கதவு பொருத்திய ஒருவன், ஒப்பந்தக்காரர் மாறியதும் புதியவனாகவே மீண்டும் சேர்க்கப்பட்டதாகச் சொன்னான். "சார், காருக்கு வாரண்டி இருக்கு, எங்களுக்கு இல்ல" என்றான். கார் எவர் பெயரில் ஓடுகிறது என்பதை மட்டும் பார்த்துத் தொழிலின் வளர்ச்சியை அளக்க முடியாது என்று அன்று எனக்குத் தோன்றியது. மறைமலைநகரில் 1990-களில் வந்த போர்டு கம்பெனி 2021-இல் வெளியேறுவதாக அறிவித்து 2022-இல் உற்பத்தியை நிறுத்தியபோது, அடுத்த வேலை எங்கே என்று தேடியவர்களும் இத்தகையோரே. 1950-களில் வெளியேறிய அதே பெயர், இரண்டாம் முறையும் வெளியேறிற்று.

பிரெஞ்சுக்காரர் காரும் கடைசியில் வந்து சேர்ந்துவிட்டது. 1998 முதல் மிட்சுபிஷி கார்களைச் செய்துவந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் திருவள்ளூர்த் தொழிற்சாலையிலிருந்து 2021-இல் சிட்ரோயன் கார்கள் வெளிவரத் தொடங்கின. சிட்ரோயனின் தாய்க் கம்பெனி அதற்கு முன்பே, 2017-இல், அம்பாசடர் என்னும் பெயரின் உரிமையை 80 கோடி ரூபாய் கொடுத்து வாங்கிவிட்டது. அப்பெயரை இட்டு இதுவரை ஒரு காரும் அவர்கள் செய்யவில்லை.